சரிவில் இறங்கும் கால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயது 37. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை மாசத்து ஊசியிலிருந்து பள்ளிக்கூடம் சேரும்வரை நான்தான் தடுப்பூசி போட்டேன். அந்த உரிமையில் நேராக அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். வலது கால் ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். கணுக்காலின் இரண்டு பக்கமும் வீங்கி, கணு எலும்பு இருக்கிற இடமே தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் தேயிலைக்குள் சறுக்கி விழுந்து உடைந்த கால் அது. டீயைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: “நர்ஸம்மா, உங்களுக்கு மாத்தின மாதிரி எனக்கும் கணுக்கால் மூட்டை மாத்திட முடியாதா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. கோத்தகிரியைச் சுற்றி 34 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். எத்தனையோ வீட்டு வாசலில் நின்றபடியே பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும், “நின்னுக்கிட்டே ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வா கண்ணு, பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகும் கேள்வி போகவில்லை. ராத்திரி படுத்தால் அவள் பூட்ஸைக் கழற்றிய விதம்தான் கண்ணில் நிற்கிறது. அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1999 ஜனவரி

நான் விழுந்தபோது எனக்கு 36 வயது. போலியோ சொட்டு மருந்து முகாம் நாள். தோளில் தடுப்பூசிப் பெட்டி, அதற்குள் நாலு ஐஸ் பேக்கும் மருந்தும். சோலூர்மட்டத்துக்குக் கீழே ஒரு குடியிருப்புக்குப் போக வேண்டும். ரோட்டைச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினால் அரை மணி நேரம். காலைப் பனியில் மண் நனைந்து வழவழவென்று இருந்தது. பெட்டி சாய்ந்துவிடக் கூடாது என்று அதைப் பிடித்ததில், இடது கால் ஒரு கல்லுக்கும் தேயிலைத் தூருக்கும் நடுவே மாட்டி முறுக்கிக்கொண்டது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்துத் தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பெட்டியை உதவியாளர் எடுத்துப் போய், அன்றைக்கு அந்தக் குடியிருப்பில் ஒரு குழந்தை விடாமல் சொட்டு மருந்து கொடுத்து முடித்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். “எலும்பு கூடிடுச்சு, நடக்கலாம்” என்றார்கள். நடந்தேன். மூன்று மாதத்தில் பழையபடி மலை ஏறி இறங்கினேன். உடைந்த எலும்பு ஒரு நூல் தள்ளிக் கூடியிருந்ததும், மூட்டுக்குள் குருத்தெலும்பு நசுங்கியிருந்ததும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

முழங்கால் தேய்வது பெரும்பாலும் வயதால், உடல் எடையால். கணுக்கால் அப்படி இல்லை. கணுக்கால் தேய்ந்து வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேராவது என்றைக்கோ அங்கே அடிபட்டவர்கள், எலும்பு உடைந்தவர்கள், அல்லது திரும்பத் திரும்பச் சுளுக்கியவர்கள். முழங்காலில் குருத்தெலும்பு சில இடங்களில் 5, 6 மில்லிமீட்டர் கனம்கூட இருக்கும். கணுக்காலில் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். மெலிதாக இருந்தாலும் அது உறுதியானது, மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியிருக்கும்வரை ஆயுசுக்கும் உழைக்கும். நூலளவு பிசகினாலும் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்க ஆரம்பிக்கிறது. சும்மா நடக்கும்போதே உடல் எடையைப் போல நாலைந்து மடங்கு அந்தச் சின்ன மூட்டில் விழுகிறது. அதுவும் உடனே தெரியாது. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்துத்தான் காட்டும்.

எனக்கு 2009 நவம்பர் மண்சரிவின்போது தெரிந்தது. ரோடு பல இடத்தில் போய்விட்டதால் தினமும் சேற்றிலும் சரிவிலும்தான் நடை. ராத்திரி கால் பாறை மாதிரி கனத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக விட்டேன். குறுக்குப் பாதையை விட்டேன். பஸ்ஸில் படிப்பக்கமாக உட்காரப் பழகினேன். வலி மாத்திரை, கணுக்கால் பட்டை, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி (முதல் ஊசி நாலு மாதம் கேட்டது, இரண்டாவது நாலு வாரம்கூடக் கேட்கவில்லை), அடிப்பாகம் படகு மாதிரி வளைந்த ஷூ என்று 2022இல் ஓய்வு பெறும்வரை ஒப்பேற்றினேன். கடைசி இரண்டு வருஷம் கர்ப்பிணிகளைப் பார்க்க மலையிறங்கிப் போக முடியாமல், அவர்களை மேலே வரச் சொன்னேன். எட்டு மாசத்து வயிற்றோடு ஒரு இருளர் பெண் மூச்சு வாங்க ஏறி வந்து என் முன்னால் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஐந்து நிமிடம்

ஓய்வு பெற்றதும் சமவெளிக்கு இறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் எக்ஸ்ரேவை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். “மூட்டு முழுக்கப் போயிடுச்சும்மா. எலும்பை ஒட்ட வெச்சிடலாம். வலி இருக்காது” என்றார். மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு, கீழ்க்காலின் பெரிய எலும்பையும் அதற்குக் கீழே இருக்கும் தாலஸ் எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கிவிடுவது. மூன்று மாதத்தில் இரண்டும் ஒரே எலும்பாகிவிடும். அசைகிற மூட்டே இல்லாததால் அங்கே வலியும் இல்லை.

“முழங்காலுக்கு மாத்துறாங்களே, அது மாதிரி இதுக்குக் கிடையாதா சார்?” என்று கேட்டேன். “கணுக்காலுக்கு அதெல்லாம் நிக்காதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் கணுக்கால் மூட்டு மாற்று 1970இல் பிரான்சில் நடந்தது. லார்ட், மாரோட் என்ற இரண்டு மருத்துவர்கள் இடுப்பு மூட்டுக்கு வைக்கும் உலோகத் தண்டு ஒன்றையே தலைகீழாக்கிக் கீழ்க்கால் எலும்புக்குள் பொருத்தினார்கள். 25 பேருக்கு வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை திருப்தியாக அமையவில்லை. எலும்பை ஒட்டுவதே நல்லது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். இடுப்பும் முழங்காலும் அதற்குப் பிறகு வெகுதூரம் போய்விட்டன. கணுக்கால் மெதுவாகத்தான் வந்தது. தாலஸ் எலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை, அதன் பெரும்பகுதியைக் குருத்தெலும்பே மூடியிருக்கிறது, ரத்தம் போகிற வழிகளும் குறைவு. அதன்மேல் ஓர் உலோகத் தொப்பியைப் பிடித்து நிற்க வைப்பது லேசான வேலை இல்லை. இப்போதைய மூட்டுகள் வேறு மாதிரி. மேலே எலும்போடு ஒட்டி வளர இடம் கொடுக்கும் டைட்டானியத் தகடு, கீழே கோபால்ட்-குரோமியத் தொப்பி, நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. கணுக்காலுக்கும் மூட்டு உண்டு என்பது என்னைப் போல மருத்துவத் துறையில் இருந்தவளுக்கே 60 வயதுவரை காதில் விழவில்லை.

எலும்பை ஒட்டுவது மோசமான சிகிச்சை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல பேருக்கு அதுதான் சரியானது. ஒருமுறை கூடிவிட்டால் தேய்ந்துபோக அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது வேறு விஷயம். என் எக்ஸ்ரேவைப் பார்த்தார், என் வயதைப் பார்த்தார், எவ்வளவு தூரம் நடப்பேன் என்றுகூடக் கேட்டார். எந்தத் தரையில் நடப்பேன் என்று கேட்கவில்லை.

சாய்தளம்

எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு என் மகன் விசாரித்து, பாதத்துக்கும் கணுக்காலுக்கும் மட்டுமே அறுவை சிகிச்சை செய்கிற இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரே உறையைப் பிரிக்காமலே கேட்டார், “வீடு எங்கேம்மா?” கோத்தகிரிப் பக்கம், ரோட்டிலிருந்து 58 படி கீழே என்றேன். எழுந்தார். “வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்.”

ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போக மாடிக்கு ஒரு சாய்தளம் இருந்தது. அதன் அடியில் என்னை நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஏறச் சொன்னார், ஏறினேன். இறங்கச் சொன்னார், இறங்கினேன். பிறகு தன் போனில் எடுத்த படத்தை என்னிடம் காட்டினார்.

ஏறும்போது என் இடது பாதம் முழுசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முன்னால் மடங்க வேண்டிய கணுக்கால் மடங்காததால், பாதத்தைத் திருப்பி வைத்து அதன் உள்விளிம்பில் ஏறியிருக்கிறேன். இறங்கும்போது நான் முன்பக்கம் பார்த்தே இறங்கவில்லை. இடுப்பைத் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கியிருந்தேன். அப்படி இறங்குகிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது. எத்தனை வருஷமாக இப்படி? வீட்டுப் படியில் என் பேத்தி எனக்கு முன்னால் இறங்கும்போது அவளும் பக்கவாட்டில் இறங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாட்டியைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். அந்தச் சாய்தளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அங்கேயே உட்கார்ந்தபடி அவர் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லோருக்கும் திருப்பிச் சொல்கிறேன். சமதளத்தில் நடக்கக் கணுக்கால் முன்பக்கமாகப் பத்து டிகிரி மடங்கினால் பெரும்பாலும் போதும். படி இறங்க அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். சரிவும் கரடுமுரடும் இன்னும் கேட்கும். கணுக்காலை ஒட்டிவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் சின்ன மூட்டுகள் அந்த வேலையைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சமதளத்தில் நடக்கிறவரைப் பார்த்தால் ஒட்டியிருப்பதே தெரியாது. தினமும் சரிவில் நடக்கிறவருக்கு அந்தச் சின்ன மூட்டுகள் மீது பாரம் கூடும், வருஷங்கள் போகப் போக அவையும் தேயும். என் சிடி ஸ்கேனில் அந்தச் சின்ன மூட்டுகளில் ஒன்று ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்தது.

மாற்று மூட்டின் குறைகளையும் அவர் ஒளிக்கவில்லை. “புது மூட்டு வெச்சா பதினெட்டு வயசுக் கால் வந்துடும்னு நெனைக்காதீங்க. இப்போ எவ்வளவு அசையுதோ ஏறக்குறைய அதேதான் அப்புறமும், கொஞ்சம் கூடலாம். வலியில்லாம அசையும், அவ்வளவுதான்.” முன்பக்கத் தோல் மெலிசு, புண் ஆறாமல் போகலாம். கிருமி பிடிக்கலாம். பாலிஎத்திலீன் தேயும், உலோகம் தளரலாம். பத்து வருஷம் தாண்டியும் பெரும்பாலானவர்களுக்கு நிற்கிறது, எல்லோருக்கும் இல்லை. தளர்ந்தால் திரும்பத் திறக்க வேண்டும், எலும்பு வைத்து ஒட்டவும் வேண்டியிருக்கும். சர்க்கரை முற்றிப் பாதம் மரத்துப்போனவர்களுக்கும், ரத்த ஓட்டம் சரியில்லாதவர்களுக்கும், தாலஸ் எலும்பு செத்துப்போனவர்களுக்கும் இதை வைக்க மாட்டேன் என்றார். 2022இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வைப் பற்றியும் சொன்னார். 50 வயதிலிருந்து 85 வயதுவரை உள்ள 303 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மூட்டு மாற்றியும் மறுபாதிக்கு எலும்பை ஒட்டியும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நன்றாகவே முன்னேற்றம். இரண்டுக்கும் நடுவே உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. “அப்போ எனக்கு மட்டும் ஏன் மாத்தணும்னு சொல்றீங்க?” என்று கேட்டேன். “அந்த 58 படிக்காகத்தாம்மா” என்றார்.

மலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் கால் டாக்டர்கள் ஒரு சாய்தளத்தில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன். எக்ஸ்ரேவைப் போல அதுவும் ஒரு பரிசோதனைதான். பத்து நிமிடம் போதும், காசும் செலவில்லை.

காரமடையில் ஆறு வாரம்

2023 பிப்ரவரியில், மழையும் பனியும் ஓய்ந்த பிறகு, ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மூன்றாவது வாரம் தையல் பிரித்தார்கள். ஆறு வாரம் இடது காலை ஊன்றக் கூடாது. 58 படி இருக்கிற வீட்டில் அது நடக்காது என்று காரமடையில் என் தங்கை வீட்டில் இருந்தேன். அங்கே வாசலில் ஒரு படிகூட இல்லை. சமதளத்தில் இருப்பவர்களுக்கு வாழ்க்கை எவ்வளவு எளிது என்று அங்கேதான் பார்த்தேன். பிறகு பூட்ஸ் மாதிரி ஒரு கட்டு, வாக்கர், கைத்தடி, தினமும் துண்டை வைத்துப் பாதத்தை இழுக்கிற பயிற்சி. சாயங்கால வீக்கம் வற்ற ஒரு வருஷம் ஆனது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

நாலாவது மாதம் குஞ்சப்பனை வழியாகப் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். எங்கள் படியில் பதினோராவது படிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. முன்பெல்லாம் அங்கேதான் உடம்பைத் திருப்பிக்கொள்வேன் போல, கை தானாக அந்தக் குழாயைத் தேடியது. பிடிக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே பன்னிரண்டாவது படியில் கால் வைத்தேன். கீழே வாசலில் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே 58 படியும் இறங்கினேன்.

அவளுடைய எக்ஸ்ரே

போன வாரம் அந்தப் பெண் எக்ஸ்ரேவோடு வந்தாள். நான் சொன்னபடி நின்றுகொண்டே எடுத்திருந்தாள். படுக்க வைத்து எடுத்தால் மூட்டில் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும், பாரம் இறங்கும்போதுதான் உண்மை தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் இடைவெளி குறுகி, ஒரு கோடாகியிருந்தது. வெளிப்பக்கம் இன்னும் நன்றாகவே இருந்தது.

அவள் காலை முதல் சாயங்காலம்வரை சரிவில்தான் நிற்கிறாள். கத்திரி போட்டு அறுத்த கொழுந்தை 20, 25 கிலோ மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு நடக்கிறாள். படி இறங்குகிற கணுக்கால் என்னைவிட அவளுக்குத்தான் பத்து மடங்கு வேண்டும். ஆனால் 37 வயதில், அந்த மூட்டையோடு, அந்தச் சரிவில் மாற்று மூட்டு வைத்தால் அது சீக்கிரம் தேயும். 50 வயதுக்குள் திரும்பத் திறக்க வேண்டியிருக்கலாம், அதற்கு மேலும் ஒரு ஆயுசு மிச்சமிருக்கும். எனக்கு வைக்க முடிந்ததற்குக் காரணம் நான் வேலையிலிருந்து இறங்கிவிட்டதுதான். சரிவில் உழைக்கிறவளுக்கு இது ஆகாது, உழைத்து முடித்தவளுக்கு ஆகும் என்றால் அதை அவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? இத்தனை நாள் எனக்குப் பதில் வராததற்குக் காரணம் இதுதான்.

இருந்தாலும் சொன்னேன். உனக்கு இப்போது மூட்டு மாற்ற மாட்டார்கள் கண்ணு, மாற்றவும் கூடாது என்றேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதால், கணுக்காலுக்கு மேலே எலும்பை வெட்டி நேராக்கிப் பிளேட் வைத்து, நல்லாயிருக்கிற பக்கத்துக்குப் பாரத்தைத் திருப்புகிற ஆபரேஷன் ஒன்று உண்டு, அது உனக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்போம் என்றேன். அது பொருந்தாவிட்டால் எலும்பை ஒட்டுவது இருக்கிறது. கொழுந்துக் காட்டிலிருந்து நாற்றங்காலுக்கோ ஃபேக்டரிக்கோ மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். “காட்டுல நின்னாத்தானே நர்ஸம்மா இன்சென்டிவ் காசு” என்றாள். பிறகு, “சரி, கேட்டுப் பார்ப்போம்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேருமாக எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். அந்த எக்ஸ்ரேவையும் என் கைப்பட எழுதிய ஒரு கடிதத்தையும் கொடுத்தோம். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்த வாரம் அந்தச் சாய்தளத்து டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போகத் தேதி வாங்கியிருக்கிறேன். திரும்பி வரும்போது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கு இறங்கும் பாதையில் மழை தூறியது. என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பூட்ஸைத் திருப்பித் திருப்பி வைத்து, அவள் பக்கவாட்டில் இறங்கினாள். அவளுக்கு ஒரு படி கீழே, முன்னால் பார்த்தபடி நான் இறங்கினேன்.